கடைசிக் குரலுக்காகக் காத்திருப்போம்

மார்கழி விடியலில் கொட்டச்சேட்டுக் கோயிலின் முன்மண்டபத்தில் நின்றால், எதிரே நிற்பவரின் முகம்கூடப் பனியில் தெளிவாகத் தெரியாது. சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் உள்ள சிற்றூர் இது. காப்பிப் பழம் பறிக்கும் காலமும் மார்கழியை ஒட்டியே வருவதால், தோட்ட வேலைக்குப் புறப்படுமுன் கிடைக்கும் அரைமணி நேரமே எங்கள் பஜனைக்குரிய நேரம்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இங்கு வந்து தங்கிய முதல் ஆண்டிலேயே, அந்தப் பஜனையை முன்னின்று நடத்தும் பொறுப்பை ஊரார் என்னிடம் ஒப்படைத்தனர். சிறுவயதில் சிறிது சங்கீதம் பயின்றவன் என்பதால் மகிழ்ந்து ஏற்றேன். முதல் நாள் இருபது பேர் வந்தனர். பத்தாம் நாள் எண்ணிப் பார்த்தேன், எழுவரே இருந்தனர். குளிரே காரணம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வராமல் நின்றவர்களில் ஒரு மூதாட்டியும் இருந்தார். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர், நல்ல குரல். ஒருநாள் அவர் இல்லத்துக்கே சென்று விசாரித்தேன். அவர் தயங்கியபடி, "உங்க பாட்டு ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா. எங்களால எட்டிப் புடிக்க முடியல. சும்மா நின்னு கேக்கறதுக்கு இந்தக் குளிர் தாங்கலீங்க" என்றார்.

நாற்பது ஆண்டுகள் கணக்குப் பார்த்த எனக்கு, பிழை யாருடையது என்பது அந்த நொடியே விளங்கிற்று. என் குரலுக்கு இசைந்த சுருதியை வைத்துக்கொண்டு, எனக்குப் பிடித்த சங்கதிகளைப் பாடிக்கொண்டிருந்தேன். பஜனையைக் கச்சேரியாக்கிவிட்டேன்.

அன்றிரவு திருப்பாவையை எடுத்து வைத்துக்கொண்டேன். எத்தனையோ முறை ஓதிய நூல்தான். ஆயினும் ஒரு செய்தி அன்றுதான் நெஞ்சில் தைத்தது. முப்பது பாசுரங்களில், ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை பத்துப் பாசுரங்கள், உறங்கும் தோழியரை எழுப்புவதற்கே அமைந்துள்ளன. பரமன் வாயிலுக்குச் செல்ல ஆண்டாளுக்குத் துணை எதற்கு? ஆயினும் அவள் தனியே போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, கடிந்தும் கொஞ்சியும், எல்லோரையும் கூட்டிக்கொண்டே செல்கிறாள். மணிவாசகரின் திருவெம்பாவையிலும் இதே முறையைக் காண்கிறோம். கூட்டு வழிபாட்டை முன்னின்று நடத்துவோர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவன்றோ!

நம் காலத்துக்கு அண்மையில் இப்பாடத்தை வாழ்ந்து காட்டியவர் பாபநாசம் சிவன். 1890இல், அந்நாளைய தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்தவர், இயற்பெயர் இராமையா. இளமையைத் திருவனந்தபுரத்தில் கழித்துப் பின்னர் சென்னையில் குடியேறினார். அவருடைய கீர்த்தனைகளைப் பாடாத வித்வான் இல்லை எனலாம். 1971இல் சங்கீத கலாநிதி விருதும் அவரைத் தேடி வந்தது. அத்தகையவர், மார்கழி விடியல்களில் மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகளில் அடியார்களுடன் பாடியபடியே வலம்வந்தார். பல்லாண்டுகள் அந்தப் பஜனையை நடத்தினார். வீதி பஜனையில் நுழைவுச் சீட்டு இல்லை. குரல் தேர்வும் இல்லை. பாடத் தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்தே நடப்பர். 1973இல் அவர் மறைந்தார். மயிலையில் மார்கழி பஜனை என்றால் இன்றும் பெரியோர் அவரையே நினைவுகூர்கின்றனர்.

மேனாட்டுச் சேர்ந்திசையில் நடத்துநர் பாடுவதில்லை. குழுவின் எதிரே நின்று கையசைவால் வழிகாட்டுவார். அம்முறையைத் தமிழ்ப் பாடல்களுக்குப் பொருத்தியவர்களுள் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் குறிப்பிடத்தக்கவர். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவி, பலரை ஒரே குரலாக இணைத்தார். நம் பஜனை மரபிலோ பாகவதர் கையிலுள்ள ஜால்ராவே வழிகாட்டும் கோல். அவர் ஓர் அடியைப் பாட, கூடியிருப்போர் அதையே திருப்பிப் பாடுவர். தோடய மங்களத்தில் தொடங்கி, குருவணக்கம், அஷ்டபதி, குத்துவிளக்கைச் சுற்றிவரும் திவ்யநாமம் என்று நீளும் பஜனை முறையை ஒழுங்குபடுத்திப் பரப்பியதில் புதுக்கோட்டை கோபாலகிருஷ்ண பாகவதருக்குப் பெரும் பங்குண்டு. இரு மரபுகளும் வேறுபட்டவை. எனினும், முன்நிற்பவரின் செவி அவர் குரலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

மறுநாள் முதல் சில மாற்றங்கள் செய்தேன். சுருதியை ஒரு கட்டை இறக்கினேன். மேல் ஸ்தாயியில் வெகுதூரம் ஏறும் பாடல்களை ஒதுக்கி வைத்தேன். ஒவ்வோர் அடியையும் சங்கதியின்றி நேராகப் பாடினேன். முதியோர் மூச்சு வாங்க இடம் விட்டு, அதன்பின்னரே அடுத்த அடியை எடுத்தேன். நாமாவளியை முதலிலேயே விரைவுபடுத்தாமல், எல்லோரும் சேர்ந்த பிறகு சிறிது சிறிதாகக் காலத்தைக் கூட்டினேன். கண்களை மூடிப் பாடும் வழக்கத்தையும் விட்டேன். கடைசி வரிசையில் நிற்பவரின் உதடு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே பாடினேன்.

இன்னொன்றும் செய்தோம். கோயிலில் தொடங்குவதற்கு முன், வராமல் நின்றவர் வீடுகளின் வழியே பாடிக்கொண்டு நடந்தோம். அந்த மூதாட்டியின் வாசலில் சற்றே நின்றோம். கதவு உடனே திறக்கவில்லை. இரண்டாம் முறை நாமாவளியைச் சொன்னபோது, உள்ளிருந்தே மறுமொழியாக அவர் குரல் எழுந்தது. பிறகு கம்பளியைப் போர்த்தியபடி வெளியே வந்து எங்களுடன் நடந்தார். குரல் இடையிடையே உடைந்தது, நாமம் உடையவில்லை.

அந்த மார்கழி நிறைவில் பழைய இருபது பேரும் திரும்பிவிட்டனர் என்று சொல்ல மாட்டேன்; பதினைந்து பேர் வந்தனர். ஆனால் அந்தப் பதினைந்து பேரும் பாடினர்.

வயது கூடக் கூடக் குரல் தளர்வது இயற்கை. "இனி நம்மால் பாட இயலாது" என்று ஒதுங்கி அமர்ந்துவிடும் அன்பர்கள் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். உங்கள் ஊர்ப் பஜனையை நடத்துபவரிடம் சுருதியைச் சற்றே இறக்கிப் பாடும்படி தயங்காமல் கேளுங்கள். நடத்துபவர் நீங்களாயின், அடுத்த அடியை எடுக்குமுன் கடைசிக் குரலுக்காக ஒரு கணம் காத்திருங்கள். ஆண்டாள் பத்து வாசல்களில் காத்திருந்தாள். நாம் ஒரு மூச்சுப் பொழுது காத்திருக்கலாகாதா?