கண்ணாடித் தொட்டியில் ஆக்ஸலாட்டல்

மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் ஆக்ஸலாட்டல் என்னும் இந்த நீர்வாழ் சாலமாண்டரின் சொந்த ஊர். 1864இல் பாரிஸுக்குக் கொண்டுபோன சிலவற்றின் வழிவந்தவையே இன்று ஆய்வகங்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை.

தலையின் இருபுறமும் விரிந்திருக்கும் இறகு போன்ற செவுள்களைப் பாருங்கள். நீரோட்டம் வேகமானாலோ தண்ணீர் கெட்டாலோ அவை முகத்தை நோக்கி வளையும், வால் நுனி சுருளும், இரையைத் தொடாது. வெப்பம் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் நோய் எதிர்ப்பு குன்றி, தோலில் பூஞ்சை படரும். வாய்விட்டுக் கத்தாத உயிர். உடலைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குஞ்சுகள் பாடு இன்னும் மோசம். முன்கால்கள் முளைத்து, பின்கால்கள் வராத பருவத்தில் அவற்றுக்கு அசைவதெல்லாம் இரை. நெருக்கடியும் பசியும் சேர்ந்தால் பக்கத்துக் குஞ்சின் காலையே கடித்துத் துண்டித்துவிடும். போன கால் சில வாரங்களில் விரல்களோடு திரும்ப முளைக்கும் என்பது உண்மைதான். அதற்காகக் கடிபட விடலாமா? எனவேதான் பெரியவை, சிறியவை என்று பிரித்துத் தனித்தனித் தொட்டிகளில் வளர்க்கிறோம். இந்தத் தொட்டியின் வெளிச்சம் மங்கலாக இருப்பதும், மூலையில் மண்குழாய்கள் கிடப்பதும் அவை ஒளிந்துகொள்வதற்காக.

ஆக்ஸலாட்டலுக்குக் கண்ணிமை கிடையாது. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள்.