கண்ணுக்குள்ளே – 9: லென்ஸை உள்ளே விடும் குழாய்

போர்ட் பிளேயர் குட்வில் எஸ்டேட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. "ராசா, எந்த லென்ஸ் வைக்கச் சொல்லட்டும்? விலைப் பட்டியல் கையில குடுத்திருக்காங்க" என்று போனில் கேட்டார். கண் டாக்டரிடம் எல்லோரும் கேட்பது இதைத்தான். அந்த லென்ஸை உள்ளே கொண்டுபோகும் இன்ஜெக்டரைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

1949 நவம்பர் 29 அன்று லண்டனில் ஹரால்டு ரிட்லி வைத்த முதல் லென்ஸ், மடிக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக். அந்த வகைக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் திறப்பு வேண்டும். அதிலும் நல்ல பார்வை வரும், இன்றும் ஏராளமானோருக்கு அதைத்தான் வைக்கிறோம். மடங்கும் லென்ஸ் வந்தபின் இன்ஜெக்டர் வழியாக 2.2 முதல் 2.8 மில்லிமீட்டரே போதும். மதுரை ஆரோலேப் 1992-ல் உள்நாட்டிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கியதால் விலையும் நமக்கு எட்டியது.

இன்ஜெக்டரில் திருகுவகை ஒன்று. மரையைத் திருகத் திருக லென்ஸ் நிதானமாக நகரும், பாய்ந்து விழாது. ஆனால் இரண்டு கையும் அதற்கே போய்விடும். கண் உருண்டால் பிடித்து நிறுத்த ஆளில்லை. தள்ளுவகை ஊசி போடுவது போல. ஒரு கை தள்ளும்போது மறு கை கண்ணை நிலையாகப் பிடித்துக்கொள்ளும். இறுக்கம் திடீரென விட்டால் மட்டும் லென்ஸ் துள்ளிவிடும். என் கை தள்ளுவகைக்குப் பழகியது.

இரண்டிலும் முன்வேலை ஒன்றுதான். வண்ணத்துப்பூச்சி போல இரண்டு இறக்கை விரிந்த கார்ட்ரிட்ஜில் கற்றாழைச் சோறு போன்ற ஜெல்லை நிரப்பி, லென்ஸின் ஓரங்களைப் பள்ளத்தில் செருகி, இறக்கையை மூட வேண்டும். ஓரம் இடுக்கில் சிக்கினால் கிழியும். ஏற்றி வைத்துக் காத்திருந்தால் ஜெல் காயும். லென்ஸைக் கண்ணுக்குள் பிடித்து நிறுத்த அதற்கு இரண்டு கால்கள் உண்டு; அப்படிக் காத்திருந்த ஒரு லென்ஸின் பின்கால் என் கையிலேயே ஒடிந்தது. அன்று சிறு பெட்டியில் அதே பவரில் இன்னொன்று இருந்ததால் தப்பித்தோம்.

பெரியம்மா இருக்கும் தீவில் இதுதான் என் கவலை. சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே கப்பலில் மூன்று நாள். ஏற்றும்போது ஒரு லென்ஸ் பாழானால், அதே பவர் அடுத்த பார்சலில் வரும்வரை நோயாளி காத்திருக்க நேரலாம். ஆகவே தொழிற்சாலையிலேயே லென்ஸை உள்ளே வைத்து அனுப்பும் இன்ஜெக்டரைத்தான் தீவுக்குச் சொல்வேன். சாமணம் தொட வேண்டாம், ஏற்றத் தெரிந்த சிஸ்டரைத் தேட வேண்டாம். விலை கூடும், ஒவ்வொரு முறையும் முழுக் கருவியும் குப்பைக்குப் போகும். டைட்டானியம் பிடி என்றால் நீராவி அழுத்தக் கலத்தில் கிருமி நீக்கி திரும்பத் திரும்ப எடுக்கலாம். கார்ட்ரிட்ஜ் மட்டும்தான் மாறும். கூட்டமும் பழகிய கைகளும் உள்ள மதுரைக்கு அதுவே பொருந்தும்.

எந்தக் கருவியானாலும் கடைசி நொடி ஒன்றே. லென்ஸ் வாழைக்குருத்து போல மெல்ல விரியும். அதன் இரண்டு கால்களும் ஆங்கில எஸ் போலத் தெரிந்தால் தலைகீழாக இறங்கிவிட்டது என்று பொருள்; உடனே திருப்ப வேண்டும்.

"டாக்டர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க பெரியம்மா. உங்க பவர்ல இன்னொரு லென்ஸ் கையிருப்பு இருக்கான்னு" என்றேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். "இருக்காம் ராசா, ரெண்டு. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்."