அட்டைக்கடியும் ஆட்டுக்கால் சூப்பும்

டயகம பகுதித் தேயிலை மலைகளில் மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கச் செல்வோரை அட்டை விடுவதில்லை. கடித்த இடம் அவ்வளவாக வலிக்காது. இரத்தம் மட்டும் நெடுநேரம் கசிந்துகொண்டேயிருக்கும். கவ்வாத்துக் கத்தி கீறிய சிறு காயமோ சில நிமிடங்களில் தானே அடைபட்டுவிடுகிறது. இவ்வேறுபாடு எதனால்?

இரத்தத்திலே ஃபைப்ரினோஜென் என்னும் புரதம் கரைந்திருக்கிறது. காயம் பட்டவுடன் அது ஃபைப்ரின் எனும் நுண்ணிய இழைகளாக மாறி வலைபோலப் பின்னிக்கொள்கிறது. அவ்வலையில் நீரும் இரத்த அணுக்களும் சிக்கி, யாவும் பாகுபோல் உறைகின்றன. இவ்வாறு நீரைப் பிடித்துவைக்கும் பின்னலையே விஞ்ஞானிகள் ‘ஹைட்ரோஜெல்’ என்கின்றனர். காயத்துக்கு இயற்கை இடும் முதற்கட்டு இதுவே. மருத்துவ அட்டையின் உமிழ்நீருக்கு இரத்தத்தை உறையவிடாத ஆற்றல் உண்டென்பதை ஹேக்ராஃப்ட் என்பவர் 1884-ல் கண்டறிந்தார். நம் மலை அட்டையும் அதே வித்தையைக் கற்றதுதான்!

புண்ணைக் காயவிட வேண்டும் என்பது நம் முதியோர் வாக்கு. ஆனால் 1962-ல் ஜோர்ஜ் வின்டர் என்னும் ஆராய்ச்சியாளர், பன்றிகளின் மேலோட்டமான காயங்கள் சிலவற்றைப் பொலித்தீன் தாளால் மூடியும் சிலவற்றைத் திறந்துவிட்டும் பார்த்தார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்த பொருக்கின் அடியில் குடைந்து செல்ல வேண்டிய தோலணுக்கள், ஈரத்தில் தடையின்றி நகர்கின்றன. ஈரம் என்றால் சேற்றுநீரில் ஊறுவதன்று. தூய நீரால் கழுவிச் சுத்தமான துணியால் மூடிக் காப்பதே. தேயிலைத் தூளும் சுண்ணாம்பும் அப்புவதை நாம் விட்டுவிடுதல் நலம். ஆழமான வெட்டும், நீரிழிவுக்காரரின் காற்புண்ணும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். இரவு மீந்த ஆட்டுக்கால் சூப், மலைநாட்டுக் குளிரில் விடியுமுன் ஜெலியாகி நிற்பதைத் தாய்மார் அறிவர். எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம், கொதிநீரில் பிரிந்து ஜெலற்றின் ஆகிறது. ஆறியதும் அதன் இழைகள் மீண்டும் பின்னி நீரைப் பிடித்துக்கொள்கின்றன. இதுவும் ஹைட்ரோஜெல்தான். அதற்காக அதை அள்ளிப் புண்ணில் அப்ப எவரும் புறப்பட்டுவிட வேண்டாம்! உடற்சூட்டில் அது உருகிவிடும். போதாக்குறைக்குக் கிருமிகளுக்கு அது விருந்து. 1881-ல் ரொபர்ட் கொக் கிருமிகளை வளர்க்கவே ஜெலற்றினைப் பயன்படுத்தினார்.

ஆகவே ஆய்வுகூடங்களில் இப்புரதங்களைத் தூய்மையாக்கி, கிருமி நீக்கி, உருகாதவாறு இழைகளை இரசாயன முறையில் பிணைக்கின்றனர். பட்டுநூலின் புரதமும் இவ்வாறு ஆராயப்படுகிறது. 1948-ல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், பதனிடும் தொழிலோடு நில்லாமல், கொலாஜனிலிருந்து தீப்புண்களுக்கான மெல்லிய தகடுகளையும் உருவாக்கியது. செருப்பாக வேண்டிய தோல், வெந்த மேனிக்குப் போர்வையாவது விந்தையன்றோ!

கடைகளில் விற்கும் கொலாஜன் களிம்புகளின் கதை வேறு. கொலாஜன் மூலக்கூறு மிகப் பெரிது. மேற்பூசினால் தோலுள் நுழையாது, மேலே நின்று ஈரத்தைக் காக்கும், அவ்வளவே. பனியில் வெடித்த விரல்களுக்கு அந்த வேலையை மலிவான வாசலீனும் செய்துவிடும்.