பாய்க்கப்பலும் எரிமலையும்: தன்னாத் தீவின் யசூர்

1774ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில், தென்மேற்குப் பசிபிக்கிலுள்ள எரொமங்கோத் தீவை விட்டு நீங்கிய 'றெசொலூசன்' என்னும் பாய்க்கப்பலினர், இரவில் தெற்குத் திசையில் ஓர் ஒளியைக் கண்டனர். அத்திசையிற் சென்ற கப்டன் ஜேம்ஸ் குக், தன்னாத் தீவின் கிழக்குக் கரையில் ஒரு சிறு துறையை அடைந்து, அதற்குத் தம் கப்பலின் பெயரையே சூட்டினார். கலங்கரை விளக்கம் போல் நின்ற அவ்வொளி யசூர் எரிமலையினது. இன்று வனுவாட்டுக் குடியரசுக்குரிய இத்தீவிற்குப் பாய்ப்படகிற் செல்வோரும் அத்துறையையே நாடுகின்றனர்.

யசூர் 361 மீற்றர் உயரமே உடைய சிறு கூம்பு. எனினும் குக்கின் வருகைக்கு முன்பிருந்தே அது ஓயாது குமுறி வருகிறது. அவுஸ்திரேலியத் தகடு பசிபிக் தகட்டின்கீழ் அமிழுமிடத்தை ஒட்டி இத்தீவுகள் எழுந்தன. அமிழும் தகடு வெளிவிடும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துவதாற் பாறைக்குழம்பு உண்டாகிறது. அக்குழம்பினூடே மேலெழும் பெரும் வாயுக் குமிழிகள் வாயிலை அடைந்து வெடிக்கும்போது தீக்கற்கள் சிதறுகின்றன. சில நிமிடங்களுக்கொருமுறை அழுத்தம் இவ்வாறு தணிவதால், அணுகிக் காணத்தக்கதாக அது அமைந்தது எனலாம். எனினும் எறியப்படும் கல் கணக்குப் பார்ப்பதில்லை. 1990களில் வாயின் விளிம்பிற் சென்றோர் சிலர் உயிரிழந்துள்ளனர்.

குக்குடன் வந்த இயற்கையியலாளரான போஸ்டர் தந்தையும் மகனும் இம்மலையை அணுகப் பெரிதும் விழைந்தனர். அவர்கள் உள்நாடு நோக்கிச் செல்ல முயன்றபோது ஊரவர் வழிமறித்தனர். இதனை அறியாமையின் அச்சமென ஒதுக்குதல் பொருந்தாது என்பது எமது கருத்து. துப்பாக்கியேந்திய அந்நியர், மொழியும் அறியாது, தம் தோட்டங்களையும் தாம் போற்றும் மலையையும் நோக்கி நடப்பதை எவர்தாம் விரும்புவர்? கப்பல் புறப்படுமுன் காவலாளி ஒருவன் சுட்டதில் ஊரவர் ஒருவர் மாண்டமை அவ்வச்சத்தின் நியாயத்தைக் காட்டுகிறது.

ஆகவே எரிமலை பற்றிய அவர்தம் குறிப்புகள் பெரும்பாலும் துறையிலும் அதன் அண்மையிலும் இருந்து பெறப்பட்டவை. ஈரமான வேளையிற் குமுறல் மிகுவதாகக் குக் எழுதினார். வெடிப்பிற்குரிய வாயு ஆழத்துக் குழம்பினின்றே வருவதால் மழையை அதன் காரணமாகக் கொள்ளல் அரிது; ஈரக்காற்றில் ஆவி விரைந்து ஒடுங்கிப் புகைமுகில் தடித்துத் தோன்றுவது ஒரு காரணமாகலாம்.

ஒளியால் வழிகாட்டிய நிலமே பின்னர் துறையைப் பறித்தது. எரிமலையின் அயலிலுள்ள நிலத்தைக் கீழிருந்து உந்தும் விசை, 1878இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தோடு துறையின் தளத்தையும் உயர்த்திற்று. குக்கின் கப்பல் நின்றவிடத்திற்குப் பெருங்கப்பல்கள் இன்று வரவியலாது. சிறு பாய்ப்படகுகளே நங்கூரமிடுகின்றன.

அவற்றிற்குத் தென்கீழ்த் திசையினின்று வீசும் வணிகக்காற்றே காவல். துறை எரிமலைக்குக் கிழக்கே இருப்பதால் சாம்பலை அக்காற்று அப்பாற் கொண்டுசெல்கிறது. காற்றுத் திரும்பினால் நிலைமை மாறும்: பாறைக்குழம்பு உடைந்த கண்ணாடித் துகள்களாகிய அச்சாம்பல் மேற்றளத்திலும் பாயிலும் படியும்; கயிற்றை அராவும்; கண்ணை உறுத்தும். றெசொலூசனிலும் மழையோடு கலந்த சாம்பல் எல்லாவற்றையும் மூடியதைக் குக் பதிந்துள்ளார்.