மங்கல் கண்ணாடிப் புள்ளி

நாலு நாளாக விடாத இருமலுக்காக டாக்டரிடம் போன ஓர் அம்மாள், கையில் ஸ்கான் படத்தோடு வீடு திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருமல் போய்விட்டது, கவலை வந்துவிட்டது. நுரையீரலில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாம். “ஆரம்பப் புற்றாகவும் இருக்கலாம்” என்றாராம் டாக்டர். அன்றிரவு அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? “சிகரெட் வாடையே இல்லாத வீடாயிற்றே! இவளுக்கு எப்படி?” என்று மாமியார் அங்கலாய்ப்பாள்.

மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். ஜப்பான், தைவான் போன்ற கிழக்காசிய நாடுகளில் நுரையீரல் புற்று காணும் பெண்களில் பெரும்பாலோர் புகை பிடிக்காதவர்கள்தாம்.

இனி அந்தப் புள்ளிக்கு வருவோம். குளியலறை ஜன்னலில் மங்கலான கண்ணாடி போடுகிறோம் அல்லவா? உள்ளே ஆள் இருப்பது தெரியும், முகம் தெரியாது. ஸ்கானில் அந்தப் புள்ளியும் அப்படித்தான். அதனூடே இரத்தக் குழாய்கள் நிழலாகத் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அகப்படாது. வலியும் இராது.

நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றறைகள் இருக்கின்றன. நம் வீட்டு மதில்மேல் பாசி படர்ந்தால் சுவர் பச்சையாகுமே தவிர, இடியாது. அதே சுவரில் அரசங்கன்று முளைத்தால்? வேர் உள்ளே போய்ச் சுவரையே பிளந்துவிடும். காற்றறையின் உட்புறத்தில் பாசிபோல் படர்ந்து, சுவரைத் துளைக்காமல் நிற்கும் புற்றும் உண்டு. இரத்த ஓட்டத்தைத் தொடாததால், அது வேறு உறுப்புக்குப் பயணம் போக வழியில்லை. மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத இந்த ரகத்துக்கு நிபுணர்கள் 2011-ல் தனிப் பெயரே வைத்தார்கள். 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இதைப் புற்றுக்கு ‘முன்னோடி’ என்ற வரிசையில் சேர்த்துவிட்டது.

இதற்கு வழி காட்டியவர் ஜப்பானிய டாக்டர் மாசாயுகி நொகுச்சி. இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட 236 கட்டிகளை அவரும் சகாக்களும் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்து, 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். சுவரோடு மட்டும் படர்ந்திருந்த ரகம் கொண்டவர்களில், ஆபரேஷனுக்குப் பின் ஐந்து வருஷம் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு நூறு!

“அப்படியானால் நாளைக்கே வெட்டி எடுத்துவிடலாமே?” என்பீர்கள். அங்கேதான் பொறுமை வேண்டும். இத்தகைய புள்ளிகளில் சில வெறும் அழற்சி. சில மாதங்களில் தாமாகவே மறைந்துவிடும். சில வருஷக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஆகவே ஆறு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள மங்கல் புள்ளிக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் மறு ஸ்கான், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாக ஐந்து வருஷம் வரை என்பது நிபுணர்கள் 2017-ல் வகுத்த முறை. டாக்டர் “பார்க்கலாம்” என்றால் அலட்சியம் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். காத்திருப்பதும் ஒரு வைத்தியமே. (காத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும் அதன் கசப்பு!) புள்ளி வளர்ந்தாலோ, நடுவில் கெட்டிப்பட்டாலோ கத்தி வேலை வரும். உண்மையில் அது எந்த ரகம் என்பது முழுவதையும் எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் ஊர்ஜிதமாகும்.

முன்பெல்லாம் நுரையீரலில் ஒரு மடலையே எடுப்பார்கள். இப்போது சின்னத் துண்டோடு நிறுத்துவதும் உண்டு. பெரும்பகுதி மங்கலாகவே உள்ள சிறு கட்டிகளுக்கு ஜப்பானில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து வருஷம் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் 99.7 சதவிகிதம் என்று 2022-ல் அறிவித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஸ்கான் எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள்! தைவானில் 2004-லிருந்து 2018-க்குள் பெண்களிடையே ஆரம்பப் புற்று கண்டுபிடிப்பது ஆறு மடங்குக்கு மேல் பெருகிற்று. முற்றிய புற்றோ குறையவில்லை. தேவையில்லாத ஆபரேஷன்களும் நடந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயம்.

ஏற்கனவே புள்ளி இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டை ஒழிக்கிற சாக்கில் பழைய ஸ்கான் படத்தைப் பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். ‘வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா?’ என்று டாக்டர் பக்கத்தில் வைத்துப் பார்க்க, அந்தப் பழைய படம்தான் வேண்டும். பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில் வையுங்கள், வளையாமல் இருக்கும்.