ஆம்புலன்ஸில் இரண்டாவது பேட்டரியும் சோலாரும்: ஜமாஅத்தார் அறிந்துகொள்ள வேண்டியவை

எங்கள் மஹல்லாவின் ஆம்புலன்ஸ் ஓர் இரவு மருத்துவமனை வாசலில் மூன்று மணி நேரம் காத்து நின்றது. உள்ளே ஒரு மூதாட்டிக்குப் பரிசோதனை. வண்டிக்குள் அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் இருந்ததால் ஃபேன், லைட் எல்லாம் ஓடின. செல்போன்கள் சார்ஜில் இருந்தன. மேலே சுழல் விளக்கையும் யாரும் அணைக்கவில்லை. 'உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்' என்று மருத்துவர் சொன்னதும் டிரைவர் தம்பி சாவியைத் திருப்பினார். 'டக்... டக்' என்ற சத்தம் மட்டுமே வந்தது. "ஹஜ்ரத், வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று எனக்குப் போன் வந்தது. இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து, ஒயர் கொடுத்துக் கிளப்ப நாற்பது நிமிடம் ஆனது. அல்ஹம்துலில்லாஹ், அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை நாங்கள் மறக்கவில்லை.

பேட்டரி ஏன் இறங்கியது?

வண்டியோடு வரும் பேட்டரி, என்ஜினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். அதற்காக உள்ளே மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். மணிக்கணக்கில் ஃபேன் ஓட்டி, அடிவரை இறக்கி, மறுபடி ஏற்றினால் அந்தத் தகடுகள் சீக்கிரம் கெட்டுவிடும். நீண்ட நேர உபயோகத்துக்குத் தடித்த தகடு கொண்ட 'டீப் சைக்கிள்' பேட்டரி தனியாக வேண்டும்.

நாங்கள் செய்த தவறு

மறுவாரமே இரண்டாவது பேட்டரி வாங்கினோம். வேலை செய்தவர் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று நேராக இணைத்துவிட்டுப் போனார். சில நாட்களில் இரண்டும் சேர்ந்தே இறங்கின. இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை வால்வு இல்லாத குழாயால் இணைத்தால் ஒன்றைத் திறந்தாலும் இரண்டும் காலியாகும் அல்லவா? அதே கதைதான்.

அந்த வால்வுதான் 'ஐசோலேட்டர்' ரிலே. என்ஜின் ஓடி வோல்டேஜ் சுமார் 13.3-ஐத் தாண்டியதும் இரண்டு பேட்டரியையும் இணைக்கும். என்ஜின் நின்று 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். பிறகு ஃபேன், லைட் எல்லாம் இரண்டாவது பேட்டரியில் மட்டுமே ஓடும். ஸ்டார்ட் பேட்டரியை எதுவும் தொடாது. பிஎஸ்-6 வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் தானாகவே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அவற்றுக்கும், லித்தியம் பேட்டரி வைப்பவர்களுக்கும் ரிலே போதாது. 'டிசி-டிசி சார்ஜர்' வேண்டும்.

எவ்வளவு பெரிய பேட்டரி?

கடைக்காரரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்.

• 20 வாட் ஃபேன், 6 மணி நேரம்: 120 வாட்-அவர்
• 10 வாட் எல்இடி விளக்குகள், 6 மணி நேரம்: 60
• செல்போன் சார்ஜ், 15 வாட், 4 மணி நேரம்: 60

மொத்தம் 240. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 20 ஆம்பியர்-அவர். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 40 தேவை. வயதாக ஆகப் பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதால் 60 முதல் 75 வரை வாங்குவது நல்லது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 40 ஆம்பியர்-அவரே போதும். அதில் ஐந்தில் நான்கு பங்கைத் தாராளமாக எடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கு 300 வாட்டுக்கு மேல் வேண்டும். ஜனாஸா ஃப்ரீசரின் கம்ப்ரசர் கிளம்பும்போது இன்னும் அதிகம் இழுக்கும். இந்தச் சிறு ஏற்பாட்டை நம்பி அவற்றை ஓட்டாதீர்கள். நோயாளிக்கு ஆக்சிஜன் சிலிண்டரே இருக்கட்டும்.

சோலார் எதற்கு?

நம் ஆம்புலன்ஸ்கள் பல நாட்கள் ஓடாமல் பள்ளிவாசல் ஓரம் நிற்கின்றன. நிற்கும் வண்டிக்கு ஆல்டர்னேட்டர் உதவாது, வெயில்தான் உதவும். 100 வாட் பேனல் நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 280 வாட்-அவர் கொடுக்கும். மேலே போட்ட கணக்குக்கு இது போதும். மழைக்காலத்தில் குறையும்.

பேனலைக் கூரையோடு ஒட்டாமல் கொஞ்சம் காற்றோட்டம் விட்டுப் பொருத்துங்கள். சூடு ஏற ஏற மின்சாரம் குறையும். சைரன் விளக்கின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிடும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். முதலில் பேட்டரியை இணைத்து, பிறகு பேனலை இணையுங்கள். கழற்றும்போது பேனலை முதலில் கழற்றுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள்

முதலாவது, ஃபியூஸ். இரண்டு பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே தனித்தனி ஃபியூஸ் வேண்டும். நடுவழியில் ஒயர் உராய்ந்து பாடியில் பட்டால், ஃபியூஸ் இல்லாத வண்டி தீப்பிடிக்கும்.

இரண்டாவது, ஒயர். வீட்டு வேலையில் மிஞ்சிய 2.5 சதுர மி.மீ. ஒயரில், நான்கு மீட்டர் தூரத்துக்கு 20 ஆம்பியர் போனால், போக வர ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகும். பேட்டரி நிரம்ப வெகுநேரம் ஆகும். பேட்டரிகளுக்கு இடையே 16 சதுர மி.மீ. செம்பு ஒயர் போடுங்கள்.

மூன்றாவது, இடம். தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரி, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை வெளியிடும். நோயாளி படுக்கும் அறையில், ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பக்கத்தில் அதை வைப்பது நெருப்பைக் கொண்டுபோய் வைப்பது போன்றது. சீல் செய்த பேட்டரியை வாங்கி, சிலிண்டரிலிருந்து விலக்கி, வெளிக்காற்றுப் படும் பெட்டியில் அசையாமல் பூட்டுங்கள். லித்தியம் பேட்டரியை என்ஜின் சூட்டுக்கு அருகில் வைக்காதீர்கள்.

நான்காவது, காகிதம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கூரையில் துளை போடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக ஒரு பழக்கம்

இப்போது எங்கள் டிரைவர் தம்பி தினமும் சுபுஹுக்குப் பிறகு, வண்டியைக் கிளப்புவதற்கு முன், மீட்டரை வைத்துப் பார்க்கிறார். ஈய பேட்டரியில் 12.6 இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் அன்றே எனக்குத் தகவல் வரும். அரை நிமிட வேலைதான்.

மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில் வாங்கிய வண்டி அது. நம்மிடம் இருக்கும் அமானிதம். தேவைப்படும் நேரத்தில் அது கிளம்ப வேண்டும். உங்கள் மஹல்லா வண்டியின் பேட்டரியை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.