சியாச்சின் குளிரை எவர்சில்வர் டம்ளரில் காட்டலாமா?

ஜனவரியில் டெல்லிப் பக்கம் குளிர் அலை, பள்ளிகளுக்கு விடுமுறை என்று டி.வி-யில் செய்தி ஓடினால், நம் வீட்டுச் சுட்டிகள் உடனே கேட்பார்கள்: "மழைக்குத்தானே லீவு விடுவாங்க... குளிருக்குமா?"

சங்கரன்கோவில் பிள்ளைகள் இப்படிக் கேட்பதில் ஆச்சர்யமே இல்லை. மார்கழி விடியலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். இந்த ஊர்க் குளிர் அவ்வளவுதான். உறையவைக்கும் குளிர் என்றால் அவர்களுக்கு கார்ட்டூனில் வரும் பனிமனிதன்தான்.

ஆனால், அது நமக்குச் சம்பந்தமில்லாத குளிர் இல்லை. 2016 பிப்ரவரி 3-ம் தேதி, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் இருந்த முகாமை பனிச்சரிவு மூடியது. சிக்கிய 10 பேரில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள்களுக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடக வீரர் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-ம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்துபோனார். குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 50 டிகிரி வரை இறங்கும். நாளை ராணுவத்துக்கோ, கனடாவுக்கோ, மணாலி டூருக்கோ போகப்போகிற பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். குளிர் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை, ஃப்ரிட்ஜையும் அடுப்படியையும் வைத்தே அவர்களுக்குப் புரியவைக்கலாம். பெரியவர்கள் யாராவது கூடவே இருக்க வேண்டும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை உடைக்க வேண்டும். குளிர் என்பது உள்ளே வருகிற ஒரு பொருள் அல்ல. நம் உடம்பின் சூடு வெளியே போவதைத்தான் குளிர் என்கிறோம். ஒரு எவர்சில்வர் கரண்டி, ஒரு மரக் கரண்டி இரண்டையும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் (ஃப்ரீஸரில் வேண்டாம்) ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, காலையில் ஆளுக்கொரு கையில் பிடிக்கச் சொல்லுங்கள். எவர்சில்வர்தான் அதிகம் ஜில்லென்று இருக்கிறது என்பார்கள். உண்மையில் இரண்டும் ஒரே வெப்பநிலைதான். உலோகம் கையின் சூட்டை வேகமாக உறிஞ்சுகிறது, மரம் மெதுவாக. பனிப் பிரதேசத்தில் வெறுங்கையால் இரும்பைத் தொடக் கூடாது என்பது இதனால்தான்.

அடுத்தது சாக்ஸ் சோதனை. விசைத்தறிச் சத்தத்திலேயே வளரும் சங்கரன்கோவில் பிள்ளைகளுக்கு இது ரொம்பவே பிடிக்கும். ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்களில், கை பொறுக்கிற அளவு வெந்நீரை நிரப்பி மூடுங்கள். ஒன்றுக்குக் காய்ந்த பருத்தி சாக்ஸ், இன்னொன்றுக்கு நனைத்துப் பிழிந்த பருத்தி சாக்ஸ் மாட்டுங்கள். மூன்றாவது சும்மா இருக்கட்டும். அரை மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், ஈர சாக்ஸ் போட்ட பாட்டில்தான் அதிகம் ஆறியிருக்கும்; ஒன்றுமே போடாததைவிடவும்! நூலுக்கு இடையில் தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. நனைந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆவியாகும்போதும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்கிற அதே குணம்தான் பனிமலையில் எதிரி. அங்கே போகிறவர்கள் உடம்பை ஒட்டி கம்பளி போடுவது இதற்காகத்தான்.

இரண்டு டம்ளர் வெந்நீரைத் தட்டு போட்டு மூடி, ஒன்றை ஃபேன் காற்றில், இன்னொன்றை காற்றுப்படாத மூலையில் வைத்தால், காற்று என்ன செய்யும் என்பதும் தெரிந்துவிடும்.

இப்போது டம்ளர் விஷயத்துக்கு வருவோம். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் நொறுக்கிய ஐஸ் போடுங்கள். ஒன்றில் மட்டும் நான்கைந்து ஸ்பூன் கல் உப்பு போட்டுக் கிளறுங்கள். கொஞ்ச நேரத்தில் உப்பு போடாத டம்ளரின் வெளியே நீர்த்துளி அரும்பும். உப்பு போட்டதில் துளிக்குப் பதிலாக வெள்ளையாக உறைபனி படரும். உருகும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியிலேயே நிற்கும். உப்பு சேர்ந்தால் அதற்குக் கீழேயும் உருகிக்கொண்டே போகும். உருகத் தேவையான சூட்டைத் தன்னிடமிருந்தும் சுற்றிலுமிருந்தும் எடுத்துக்கொள்ளும். சரியான விகிதத்தில் கலந்தால் மைனஸ் 21 வரை போகும். பானையில் ஐஸும் உப்பும் போட்டு குல்ஃபி செய்கிறவர்களின் ரகசியமும் இதுதான். அளந்து பார்க்க, காய்ச்சல் தெர்மாமீட்டர் உதவாது. மைனஸ் 10-லிருந்து காட்டும் ஆய்வகத் தெர்மாமீட்டர் வேண்டும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஐஸையும் உப்பையும் தோலில் அழுத்திப் பிடிக்கும் 'சேலஞ்ச்' வீடியோக்களைப் பிள்ளைகள் பார்த்திருக்கக்கூடும். சில நிமிடங்களிலேயே தோல் தீக்காயம் போலப் புண்ணாகிவிடும். முதலில் மரத்துப்போவதால் வலியே தெரியாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. குளிரில் விரல் மரத்து வெளுத்துப்போனால் தேய்க்கக் கூடாது, நெருப்பிலும் காட்டக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் வைத்து, டாக்டரிடம் போக வேண்டும்.

"உலகத்துலயே ரொம்ப குளிர் எவ்ளோ?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அன்டார்டிகாவின் வோஸ்டோக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான மைனஸ் 89.2 டிகிரி என்று சொல்லுங்கள். வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் 18-தான்.

அடுத்த டிசம்பர், ஜனவரியில் ஊட்டி போகிற வாய்ப்பு இருந்தால், விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி தலைகுந்தா புல்வெளிக்குக் கூட்டிப் போங்கள். வானம் தெளிவாக இருந்த இரவாக இருந்தால், டம்ளரின் வெளியே பார்த்த அதே வெள்ளைப் படலம் புல் நுனியெல்லாம் படிந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். காய்ந்த சாக்ஸ் இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்!